முதலில் தம்புராவைக் கேளுங்கள்: ஒரே கச்சேரி, எல்பியிலும் சிடியிலும்

கேள்வி: தாத்தா விட்டுச் சென்ற எல்பி இசைத்தட்டுகளில் ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவும் இருக்கிறது. அதே கச்சேரியின் சிடியும் வீட்டில் இருக்கிறது. எல்பியில்தான் உயிர் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சிடிதான் சுத்தம் என்கிறார் சித்தப்பா. எது மேல்? புதிதாக டர்ன்டேபிள் வாங்கலாமா?

பதில்:

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். பாடகரைச் சற்று மறந்துவிட்டு, பின்னால் ஒலிக்கும் தம்புராவை மட்டும் ஐந்து நிமிடம் கேளுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

சென்னை சபாக்களில் மைக் வைத்து, டேப் சுற்றி, பிற்பாடு கணினியிலும் ஒலிப்பதிவு செய்து வந்தவன் நான். ஒரு பதிவு நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது தம்புராவைத்தான். கச்சேரி தொடங்கியதிலிருந்து மங்களம் வரை இடைவிடாமல் ஒலிப்பது அது ஒன்றுதான். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற பகுதியின் மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி நூலைச் சற்றே நகர்த்தி வைத்தால், ஒரு தந்தியிலிருந்து பத்துப் பதினைந்து மேல்நாதங்கள் (அடிப்படைச் சுருதிக்கு மேலே கூடவே ஒலிக்கும் நுண்ணொலிகள்) ரீங்காரமாக எழும்பும். அந்த மேல்நாதங்கள் மிக மெல்லியவை. ஒலிப்பதிவில் எங்கே பழுது நேர்ந்தாலும் முதலில் அடிபடுவது அவைதான். மேடையில் மின்னணுச் சுருதிப்பெட்டி வைத்திருந்தாலும் இதே சோதனை செல்லும்.

சிடியில் தம்புராவுக்கு நேரும் பெரிய ஆபத்து சிடியால் வருவதன்று, அதைத் தயாரித்தவர்களால் வருவது. பழைய டேப்பில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் இருக்கும். அதை நீக்குவதற்கு மென்பொருள் இருக்கிறது. யாரும் பாடாத இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்து, பதிவு முழுவதிலிருந்தும் அதைக் கழிப்பது அதன் வேலை. கச்சேரியில் யாரும் பாடாத இடத்தில் என்ன ஒலிக்கிறது? தம்புரா ஒலிக்கிறது. மென்பொருளுக்கு அதுவும் இரைச்சல்தான்.

என் டேப்பிற்கே இது நடந்தது. நான் பதிவு செய்த ஒரு மாலைக் கச்சேரியைச் சிடியாக வெளியிட ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. இரைச்சலோடுதான் கொடுத்தேன், தொட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். சிடி வந்ததும் ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டேன். ஆலாபனையில் பாடகர் குரல் எழுப்பும்போது தம்புரா கூடவே வந்தது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புராவும் நின்றது. மீண்டும் குரல், மீண்டும் தம்புரா. நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு கார்வையின் முடிவிலும் ஒரு பாழ்ங்கிணறு. பாடகர் எந்தச் சுருதியின் மீது சாய்ந்துகொண்டு அந்த மௌனத்தை விட்டாரோ, அந்தச் சுருதியையே உருவி எடுத்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைக் கேட்டு ஒருவர் ‘சிடியில் உயிர் இல்லை’ என்று சொன்னால் அவர் சொல்வது முழுக்க உண்மை. குற்றவாளி மட்டும் வேறு.

எல்பி வெட்டிய காலத்தில் அந்தக் கருவி யாரிடமும் இல்லை. டேப்பின் இரைச்சல் அப்படியே தட்டில் ஏறியது, அதனுடன் தம்புராவும் ஏறியது. உங்கள் நண்பர்கள் ‘உயிர்’ என்று சொல்வதில் பெரும்பங்கு இதுவாக இருக்கலாம்.

ஆனால் அதே தம்புரா எல்பியை வேறொரு விதத்தில் காட்டிக்கொடுக்கும். தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்துவிட்டால், உள்பக்கப் பள்ளங்களில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 0.8 சதவீதம் கூடிக் குறையும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்போம்; அந்தக் கணக்கில் இது அரைக் கட்டையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடுவது. மேளமும் கித்தாரும் முழங்கும் இசையில் இது காதில் படாமல் போகலாம். அசையாத ஷட்ஜம் (ஆதாரமான ‘ஸ’) ஒன்று பின்னால் நின்றுகொண்டிருக்கும் நம் சங்கீதத்தில் ஒளிய இடமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் 1.8 நொடிக்கு ஒருமுறை தம்புரா தொட்டில்போல ஆடுவது தெரியும். துளை சரியாக இருந்து தட்டு வளைந்திருந்தாலும் ஓரளவு இதுவே நிகழும். சிடியில் இது கிடையாது. படித்த தரவு முதலில் ஓர் இடைச்சேமிப்பில் சேர்ந்து, படிகக் கடிகாரத்தின் தாளத்தில்தான் வெளியே வருகிறது. தட்டு எப்படி ஆடினாலும் சுருதி ஆடாது.

சிடியில் வேறு மாதிரியான சுருதிப் பிழை வரலாம். ஸ்பூல் டேப்பை (சுருளில் சுற்றிய ஒலிநாடாவை) கணினிக்கு மாற்றும்போது மெஷினின் வேகம் தவறியிருந்தால் கச்சேரி முழுவதும் ஒரே அளவில் ஏறியோ இறங்கியோ நிற்கும். வேகம் 6 சதவீதம் கூடினால் அரைக் கட்டை ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடுபவர் இரண்டு கட்டையில் பாடுவார், காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) ஓடும், மிருதங்கம் சின்ன வாத்தியம்போல் ஒலிக்கும். பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்தால், கைப்பேசியில் உள்ள சுருதிச் செயலியை வைத்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். எல்பி, சிடி இரண்டிற்கும் இதைச் செய்து பாருங்கள். இரண்டும் வெவ்வேறு சுருதியில் இருந்தால் வியப்படையாதீர்கள்.

இனி நீளம். கச்சேரிப் பதிவைப் பொறுத்தவரை இதுதான் மிகப் பெரிய விஷயம் என்பது என் கருத்து. 12 அங்குல எல்பியின் ஒரு பக்கத்தில் சரளமாகக் கொள்ளுவது 20 முதல் 25 நிமிடம். அதற்கு மேல் அடைத்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும், அளவு குறைந்தால் தட்டின் சொந்த இரைச்சல் மேலே தெரியும். ஒரு பிரதான ராகத்தின் ஆலாபனை, வயலின் வித்வானின் பதில், கிருதி, அதன் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவல், ஸ்வரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரத்திற்குக் குறையாது. அதை 22 நிமிடப் பக்கங்களாக வெட்டினால் எங்கே வெட்டுவது? பெரும்பாலும் கத்தி விழுந்தது தனியின் மீதுதான். இரண்டு நிமிடத் தனி, அவசரமாக ஒரு மோரா, கோர்வை என்ற முடிவுத் தாளக்கட்டுகள், முடிந்தது. சில தட்டுகளில் அதுவும் கிடையாது. நிரவலிலேயே ஒலி தேய்ந்து மறையும்.

சிடி 1982இல் வந்தபோது 74 நிமிடம், பின்னர் 80. இரண்டு சிடியில் இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுதாக அடங்கிவிடும். சென்னையில் சார்சுர் நிறுவனம் ‘டிசம்பர் சீசன்’ என்ற வரிசையில் சபாக் கச்சேரிகளை நேரடிப் பதிவாகச் சிடியில் கொண்டுவர முடிந்ததற்கு இந்த நீளமும் ஒரு காரணம். கச்சேரியின் கட்டுமானம் வர்ணத்திலிருந்து மங்களம் வரை உடையாமல் கையில் கிடைக்கிறது. பாதியில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும் ஓர் ஆலாபனைக்கு எத்தனை உயிர் இருந்து என்ன பயன்?

எல்பியின் நீளத்தோடு இன்னொரு துரதிர்ஷ்டமும் பிணைந்திருக்கிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியலையைப் பாதி அளவுக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டும். கூர்மையான ஒலிகளை ஊசியால் சரியாகப் பின்தொடர முடியாது. பக்கத்தின் முடிவில் வருவது என்ன? ஸ்வரத்தின் உச்சம், தனியில் சுருங்கச் சுருங்க வாசிக்கும் குறைப்பு, கோர்வை, கைதட்டல். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடி கத்திபோல விழ வேண்டிய இடத்தில் துணி சுற்றிய கத்திபோல விழும். கைதட்டல் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் ஆகிவிடும். கச்சேரி ஏறும் திசையில் எல்பி இறங்குகிறது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கிறது. அதன் சுழற்சி நிமிடத்திற்கு 500 சுற்றிலிருந்து 200 வரை மெல்லக் குறைந்துகொண்டே வந்து, லேசருக்கு அடியில் தடம் ஒரே வேகத்தில் ஓடும்படி பார்த்துக்கொள்கிறது. முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் தரத்தில் வேறுபாடு இல்லை.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கனத்த நாதமான கும்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்பி வெட்டும்போது கனத்த ஒலிகளைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் எல்பிக்கென்றே உள்ள ஃபோனோ பகுதி அதைத் திரும்ப ஏற்றித் தருகிறது; 50 ஹெர்ட்ஸ் அருகே சுமார் 17 டெசிபல் ஏற்றம். மோட்டாரின் உறுமலும் தரையின் அதிர்வும் கூடவே ஏறும். நல்ல டர்ன்டேபிளில் கும்கி வட்டமாக, வெதுவெதுப்பாக ஒலிக்கும். மலிவான பெட்டியில் அது எதிர்வீட்டு மாவு அரைக்கும் சத்தத்தோடு கலந்துவிடும்.

மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே எவ்வளவு இடம் என்பதற்குச் சித்தப்பா எண்களைச் சொல்லியிருப்பார்: சிடிக்கு 16 பிட், 96 டெசிபல்; எல்பிக்கு நல்ல தட்டில் 60, 70. எண்கள் சரி. ஆனால் கூட்டம் நிறைந்த சபாவில் அமைதி என்பது ஏது? மின்விசிறி சுற்றும், வெளியே ஆட்டோ ஹாரன் அடிக்கும், பத்தாவது வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போடுவார், தனி தொடங்கியதும் நாற்காலிகள் கிறீச்சிடும். அந்தத் தரைமட்டத்துக்குக் கீழே சிடியால் எவ்வளவு ஆழம் போக முடிந்தாலும் அங்கே பதிவு செய்ய ஒன்றும் இல்லை. நேரடிக் கச்சேரியில் இந்த ஒரு எண்ணை வைத்துச் சிடிக்கு வெற்றி தருவது நியாயமாகாது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கும் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் போதாது, அலையைப் படிக்கட்டாக வெட்டிவிடுகிறது என்று எதிர்த்தரப்பில் சொல்வதும் பிழை. 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அந்த வேகம் முழுமையாகப் பிடித்துத் திரும்பத் தரும். நம்மில் ஐம்பது வயது தாண்டிய எவருக்கும் அதற்கு மேல் கேட்கப்போவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு மைக்கில் தொடங்குகிறது. கச்சேரியைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. மேடைக்கு முன்னால் இரண்டு மைக்குகளை உயர்த்தி வைத்து, அரங்கம் ஒலிப்பதை அப்படியே பிடிப்பது ஒன்று. மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் சபாவின் மிக்ஸரிலிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது வசதியானது, சுத்தமானது. ஆனால் அதில் அரங்கமே இருக்காது. பாடகர் உங்கள் காதுக்குள் நின்று பாடுவார், வயலினில் ஒட்டுமைக் வைத்திருந்தால் வில் உராய்வது மட்டும் பெரிதாகக் கேட்கும், ‘ஆஹா’, ‘பலே’ எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வரும். மிக்ஸரில் கலந்தது அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. மேடையிலேயே ஓங்கி ஒலிக்கும் கடத்துக்கு அங்கே மைக் குறைவாகத்தான் தேவைப்படும், எனவே பதிவில் கடம் மெலிந்துபோகும். ஒரு பழைய எல்பி இரண்டு மைக் பதிவாகவும், பிற்காலத்துச் சிடி மிக்ஸர் பதிவாகவும் இருந்தால், முதலாவதுதான் கச்சேரிக்குப் போய்வந்த உணர்வைத் தரும். அந்தப் பெருமை இரண்டு மைக்குகளைச் சேர வேண்டும். மக்கள் அதை வினைல் தட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கர்நாடக சங்கீதத்தில் நேரடிக் கச்சேரி எல்பிகள் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். எல்பி காலத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை ஸ்டூடியோவில் பாடியவை. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய கச்சேரி எல்பியாக வந்தது போன்றவை விதிவிலக்குகள். உண்மையான சபாக் கச்சேரிகள் வாழ்ந்தது ரசிகர்களின் ஸ்பூல் டேப்புகளில். 1200 அடி கொண்ட ஏழு அங்குல ஸ்பூல், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 32 நிமிடம்தான் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிடம் கிடைக்கும், ஆனால் மேல்நாதங்கள் மங்கும். டேப் விலை அதிகம், எனவே பலரும் மெதுவான வேகத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பிற்காலத்தில் சிடியாக வந்த பழைய கச்சேரிகள் பலவற்றுக்கு மூலம் இந்தச் சுருள்கள்தான். சில நேரம் அவற்றிலிருந்து எடுத்த கேசட், அந்தக் கேசட்டிலிருந்து எடுத்த கேசட். அப்படி வந்த சிடியைப் பார்த்து ‘டிஜிட்டல் ஒலி வறட்சியானது’ என்று தீர்ப்புச் சொல்வது, நான்காவது முறை கொதிக்கவைத்த காபியைக் குடித்துவிட்டுக் கொட்டையைக் குறை சொல்வது.

ஆகவே சிடியின் பின்னட்டையைப் பாருங்கள். ஏஏடி, ஏடிடி, டிடிடி என்று மூன்றெழுத்து இருக்கலாம். முதல் எழுத்து பதிவு எதில் நடந்தது, இரண்டாவது கலவை எதில் நடந்தது, மூன்றாவது அச்சுக்குப் போகும் இறுதி மாஸ்டர் பிரதி எதில் என்பதைச் சொல்லும். ஏ என்றால் அனலாக், டி என்றால் டிஜிட்டல். உங்கள் சிடி ஏஏடி என்றால், அதற்கும் எல்பிக்கும் மூலம் ஒரே டேப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். உருப்படிகளின் (பாடல்களின்) நேரத்தையும் ஒப்பிடுங்கள். சிடியில் பிரதான உருப்படி பத்து நிமிடம் நீளமாக இருந்தால், எல்பிக்காக வெட்டியதைச் சிடியில் மீட்டிருக்கிறார்கள். இன்று புதிதாக அச்சாகும் எல்பிகளில் பல டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்குங்கள். ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர், தம்புரா இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி திருகியை வையுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது ‘நன்றாக’ இருப்பதாகக் காது சொல்லும். மாற்றி மாற்றிப் போடும் வேலையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு நீங்கள் திரும்பி உட்காருங்கள். ஆலாபனையில் ஒரு நிமிடம், தனியில் ஒரு நிமிடம், கடைசிக் கைதட்டல். இவ்வளவு போதும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நேரடிக் கச்சேரிக்கு, நல்ல மூலத்திலிருந்து, யாரும் சுரண்டாமல் எடுத்த சிடிதான். நீளம், சுருதி, தனி மூன்றிலும் அதற்கு நிகரில்லை. உங்கள் சிடியில் பாடகர் மூச்சு வாங்கும்போது தம்புராவும் நின்றால், அந்தச் சிடியை ஒதுக்கிவிட்டு எல்பியைக் கேளுங்கள். அதன் ஊசலாட்டத்தையும் கரகரப்பையும் நான் சந்தோஷமாகப் பொறுத்துக்கொள்வேன்.

டர்ன்டேபிள்: தாத்தாவின் தட்டுகள் அரை டஜனுக்கு மேல் இருந்தால் வாங்குங்கள். பழைய பெட்டி பிளேயரிலோ, அதைப் போன்ற மலிவான புதியவற்றிலோ மட்டும் அவற்றைப் போடாதீர்கள். அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) ஐந்து கிராம் எடையோடு பள்ளத்தை உழும். காந்தக் கார்ட்ரிட்ஜ், நீள்வட்ட முனை வைர ஊசி, ஒன்றரை முதல் இரண்டு கிராம் எடை: இது போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் இரண்டு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். லேபிளில் நீர் படக் கூடாது. போர்வெல் தண்ணீரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உப்பு பள்ளத்தில் உறைந்து வாழ்நாள் முழுவதும் பொரியும். தட்டுகளை நிமிர்த்தி நிற்க வையுங்கள். சித்திரை வெயிலில் பரணில் படுக்கவைத்தால் ஒரே கோடையில் வளைந்துவிடும்.

பரண் என்றதும் ஒன்று தோன்றுகிறது. எல்பி சேர்த்த தாத்தாக்களில் பலர் ஸ்பூல் டேப்பும் வைத்திருந்தார்கள். ஏழு அங்குலச் சதுர அட்டைப்பெட்டிகள் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று இந்த வாரமே ஏறிப் பாருங்கள். இருந்தால், முதுகில் பென்சிலில் எழுதிய தேதியையும் சபாவின் பெயரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்த டேப்புக்கு அதிக நாள் இல்லை. உடனே எடுத்து மெஷினில் சுற்ற வேண்டாம், வேகமாகப் பின்னோட்டவும் வேண்டாம். பழைய டேப்பைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். இரைச்சலை நீக்கித் தரவா என்று அவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.